புருவத்துக்கு மேலே ஒரு கோடு

செருப்பை வெளியவே வுட்டுட்டு வாம்மா. இப்பத்தான் தரை துடைச்சேன். பால்கனி அந்தப் பக்கம். எதுக்கு வந்துகீறன்னு நீ சொல்ல வேணாம், எனக்கே தெரியும். கீழேர்ந்து எடுத்தா வேப்பமரம் மறைக்குது, சி பிளாக்கு மூணாவது மாடில ஒரு அம்மா கீது, அது வூட்லேர்ந்து எடுத்தா முழுசா வரும்னு யாராவது சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க. போன ஞாயித்துக்கிழமை மட்டும் ஒம்போது பேரு. ஒருத்தன் என் துணிக்கொடியை அவுத்துப் போட்டுட்டு போட்டோ புடிச்சான். திரும்பக் கட்டினானா? இல்ல. ஈரத்துணியெல்லாம் தரையில கெடந்துச்சு.

இந்தப் பக்கமா உக்காரு. எடுக்கலாம், இன்னா அவசரம். சுவத்துல வரைஞ்ச மூஞ்சி எங்கயும் ஓடிடாது.

அழகா கீதா? உன் வாயாலயும் சொல்லிடு. எல்லாரும் சொல்றாங்க. அந்தச் சிரிப்பைப் பாரு, அந்தக் கண்ணைப் பாருன்னு. யாரு அதுன்னு தெரியுமா உனக்கு? உங்களையெல்லாம் கூட்டிக்கினு சுத்துற சௌம்யா மேடம் இன்னா சொன்னாங்க? "உழைக்கும் பெண்". உழைக்கிற பொம்பளைக்குப் பேர் கிடையாதா? பிரமிளான்னு பேரு. என் மருமவ. என் பையன் குணாளன் தாலி கட்டினவ. ஒம்போது வருசம் இந்த வூட்ல ஆக்கிப் போட்டவ. அவ என் வூட்ல ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. பல்லு தெரிய, கண்ணு சுருங்க. அந்த வரையிற பையனுக்கு மட்டும் எப்படிச் சிரிச்சான்னு நீ கேட்டுச் சொல்லு.

முதல்லேர்ந்து சொல்றேன். அப்பத்தான் உனக்குப் புரியும்.

நாங்க கால்வாய் ஓரத்துல இருந்தவங்க. அங்கேர்ந்து பேத்து எடுத்து இந்த ஹவுசிங் போர்டுல கொண்டாந்து போட்டு பதினாலு வருசம் ஆவுது. எதிர்ல அது டி பிளாக்கோட பக்கச் சுவரு. ஜன்னல் கிடையாது. பாசி புடிச்சு, விரிசல்ல செடி மொளைச்சு, நடுவுல கக்கூஸ் பைப்பு ஒண்ணு மேலேர்ந்து கீழ வரைக்கும். அந்த பைப்பு ஒழுகும். ஒழுகி கீழ குட்டையா நிக்கும். எத்தினி மனு குடுத்தோம். எவனும் வரல. சரி, பழகிட்டோம்.

போன மாசி மாசம் தண்ணித் தொட்டி கிட்ட சாமியானா போட்டு மீட்டிங் வச்சாங்க. சௌம்யா மேடம் மைக்கைப் புடிச்சுக்கினு பேசறாங்க. "கலை இவ்வளவு நாளா கேலரிக்குள்ள பூட்டிக் கிடந்தது. அங்க வர உங்களுக்குத் தயக்கம் இருக்கு. அதனால கலையை உங்க தெருவுக்கே, இந்த நாலு மாடிச் சுவருக்கே கொண்டு வந்திருக்கோம்." கேலரின்னா சர்க்கஸ்ல பலகை போட்டு உக்கார வைப்பாங்களே, அதான் எனக்குத் தெரியும். நான் எழுந்தேன். "மேடம், எங்களுக்கு லாரியில தண்ணி வருது. அதுக்குக் கீழ எறங்கி கொடத்தைத் தூக்கிக்கினு மாடி ஏறுறோம். எனக்கு முட்டி போயிடுச்சு. கலை மட்டும் தானா நாலு மாடி ஏறுதா? முதல்ல அந்த பைப்பை அடைங்க"ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தம்மாவும் சிரிச்சுக்கினே, "அது வேற டிபார்ட்மெண்ட்மா"ன்னுச்சு.

அவங்க அந்த பைப்பை இன்னா பண்ணாங்க தெரியுமா? கறுப்பு பெயிண்ட் அடிச்சு பிரமிளாவோட சடையா ஆக்கிட்டாங்க. நல்லாப் பாரு. காதுக்குப் பின்னாடி தொங்குதே, அது சடை இல்ல. கக்கூஸ் பைப்பு. இன்னிக்கும் ஒழுகுது. இதைக் கேட்டா பாக்க வர்றவங்க கை தட்டறாங்க, இன்னா ஐடியான்னு.

வரைஞ்ச பையன் பேரு பரிதி. திருவண்ணாமலைப் பக்கம். ஒல்லியா, தாடி வச்சுக்கினு, சட்டையெல்லாம் பெயிண்ட். வூடு வூடா வந்தான். எல்லாரையும் போட்டோ எடுத்தான். யாரோ ஒருத்தர் முகத்தைத்தான் சுவத்துல வரையப் போறோம்னு சொன்னான். எங்க வூட்டுக்கும் வந்தான். டீ போட்டுக் குடுத்தேன். ஊதாக் கலர் பட்டுப் புடவை கட்டியிருந்தேன் அன்னிக்கு. அவன் வர்றான்னு கட்டல, வெள்ளிக்கிழமை, அதுக்காகக் கட்டினேன். "அம்மா, கொஞ்சம் சிரிங்க"ன்னான். "சிரிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலயே"ன்னேன். அப்படியே ரெண்டு போட்டோ எடுத்துக்கினு போயிட்டான். நான் அதை மறந்தும் போயிட்டேன்.

பிரமிளா அப்ப இங்க இல்ல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பொண்ணைத் தூக்கிக்கினு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா. அவங்க அம்மா வூடு எங்கன்ற? அதே டி பிளாக்கு. இருவது அடி. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒரு சண்டை, எல்லார் வூட்லயும் கீறதுதான். அவ ஐ.டி. கம்பெனில ஹவுஸ்கீப்பிங் போறா. அவளை சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா நைட் ஷிப்டு. குணாளன் வேணாம்னான். அவ, போவேன்னா. அவன் லோடு வண்டி ஓட்டிட்டு அலுத்துப் போய் வந்து கீறான். அந்த நேரத்துல எதிர்த்துப் பேசினா யாருக்குத்தான் கோவம் வராது? அவ போயிட்டா. வந்துடுவா, தை பொறந்தா வந்துடுவான்னுதான் நான் சொல்லிக்கினு இருந்தேன்.

பங்குனியில வேலை ஆரம்பிச்சாங்க. தூக்கு வண்டி ஒண்ணு, அதுல கூண்டு. பரிதி அதுல ஏறி நிப்பான். முதல் வாரம் ஒண்ணும் புரியல. ஆரஞ்சுல ஒரு திட்டு, நீலத்துல ஒரு திட்டு. ஏதோ பூப்போட்ட போர்வையைத் தொங்க வுட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் இங்க உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கிக்கினு இருக்கேன், நிமிர்ந்து பாத்தேன். பல்லு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து. அந்தச் சந்து யாருதுன்னு எனக்குத் தெரியாதா? முறத்தைக் கீழ வச்சுட்டேன்.

சாயங்காலம் குணாளன் வந்தான்.  பால்கனில லுங்கி எடுக்கப் போனவன் அப்படியே நின்னான். அப்புறம் உள்ள வந்து கதவைச் சாத்திட்டான். "திறக்காதம்மா"ன்னான். வெயில் காலம். இந்த வூட்டுக்குக் காத்து வர்ற வழி அது ஒண்ணுதான்.

அது வரைக்கும்கூட நான் பொறுத்துக்கினேன். யார் மூஞ்சியோ வரையணும், இவ மூஞ்சியை வரைஞ்சிட்டான், போவட்டும். ஆனா நாலு நாள் கழிச்சு அந்தக் கோட்டைப் போட்டான் பாரு.

தெரியுதா? இடது பக்கப் புருவத்துக்கு மேல. ரோஸா, சாய்வா. ஒரு ஆள் நீளம் கீது அது. உங்க மேடம் இன்னா சொல்றாங்க அதைப் பத்தி? ஆறா? நீயும் அப்படித்தான் நினைச்சியா? "இந்தக் கோடு அவர்கள் விட்டுவிட்டு வந்த நதியைக் குறிக்கிறது." போன வாரம் கீழ நின்னு மைக்குல சொல்றாங்க, நான் இங்கேர்ந்து கேக்குறேன். நாங்க வுட்டுட்டு வந்தது சாக்கடைக் கால்வாய்மா. அதுக்கு நதின்னு பேரு.

அது தழும்பு. மூணு தையல் போட்ட தழும்பு. மூணே மூணு. குக்கர் மூடி பட்டுச்சு. அன்னிக்கு சண்டையில அவன் கைல கெடைச்சதை வீசினான். அவளைப் பாத்து வீசல. அவ நின்ன பக்கம் வீசினான். அவ நகந்திருக்கலாம்ல?

யார் மூஞ்சியிலதான் தழும்பு இல்ல? பத்தடி தள்ளி நின்னாத் தெரியாது அவ தழும்பு. பவுடர் போட்டா அதுவும் தெரியாது. அதைப் போய் நாலு மாடி ஒசரத்துக்கு எழுதி வச்சா? கீழ விளையாடுற பசங்க முதல்ல கேட்டுச்சுங்க, அது இன்னா கோடுன்னு. எதுவோ ஒண்ணு சொல்லுச்சு, "அது குணா மாமா போட்டது"ன்னு. அவ்ளோதான். அன்னிக்கு வரைக்கும் பிளாக்குல எல்லாருக்கும் தெரியும், ஆனா எவளும் என் மூஞ்சிக்கு நேரா கேட்டதில்ல. அதுக்கப்புறம் தண்ணி புடிக்கிற எடத்துல நான் போனா பேச்சு நின்னுடும். வண்டி ஸ்டாண்டுல குணாளன் கிட்ட ஒருத்தன், "இன்னா குணா, நீயும் பெயிண்டர் ஆயிட்டியாமே"ன்னு கேட்டானாம். அவன் சட்டையைப் புடிச்சு, ரெண்டு பேருக்கும் அடிதடி ஆயி, அந்த வண்டி ஓனரு அடுத்த நாளே இவனை வேலைக்கு வராதன்னுட்டாரு.

நான் நேரா பரிதி கிட்டப் போனேன். கூண்டு கீழ எறங்குற வரைக்கும் வெயில்ல நின்னேன்.

"தம்பி, மூஞ்சி இருக்கட்டும். அந்தக் கோட்டை மட்டும் எடுத்துடு."

அவனுக்குப் புரிஞ்சு போச்சு. மூஞ்சி மாறிடுச்சு. "அம்மா, அது அவங்க முகத்துல இருக்குதே"ன்னான்.

"இருந்தா? கல்யாண போட்டோல பரு இருந்தா எடுத்துடுறாங்க இல்ல?"

"அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்மா. அவங்க வேணாம்னு சொன்னா நான் இன்னிக்கே எடுத்துடுறேன்."

போய்க் கேட்டான். மறுநாள் வந்து சொன்னான். "இருக்கட்டும்னு சொல்லிட்டாங்கம்மா." அவ எப்படிச் சொன்னான்னு கேட்டேன். கோவமாவா, அழுதுக்கினாவான்னு. "இல்லம்மா. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அந்தத் தழும்பு இல்லாத மாதிரி வரைஞ்சா அது நான் இல்லயேன்னாங்க."

பேசக் கத்துக்கினா பாத்தியா.

சித்திரையில திறப்பு விழா. பெரிய ஆபீசரு ஒருத்தர் வந்தாரு. பிரமிளாவை மேடையில உக்கார வச்சு சால்வை போட்டாங்க. மஞ்சப் புடவை கட்டிக்கினு, பொண்ணை மடியில வச்சுக்கினு உக்காந்திருந்தா. நான் கூட்டத்தைத் தள்ளிக்கினு மேடைக்கிட்ட போயி, "சார், எங்க வூட்டு மானம் சுவத்துல தொங்குது, அதை அழிக்கச் சொல்லுங்க"ன்னேன். அவருக்குக் காதுல வுழல போல. "ஆமாம்மா, ரொம்ப அழகா இருக்கு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பிரமிளாவுக்குக் கேட்டுச்சு. என்னைப் பாத்தா. தலையைக் குனியல. எழுந்து என் கிட்ட வருவா போல இருந்துச்சு, அதுக்குள்ள போட்டோ எடுக்க எல்லாரையும் நிக்க வச்சுட்டாங்க.

நீ தண்ணி குடிக்கிறியா? அந்தச் சொம்புல கீது. கேன் தண்ணிதான், பயப்படாத.

நான் கேக்குறது இதுதான். என் வூட்டுக்காரர் என்னை அடிக்காத அடியா? இந்தக் காது எனக்கு இன்னிக்கும் சரியாக் கேக்காது. அதனாலதான் உன்னை இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன். நான் யார் கிட்டயாவது சொல்லிக்கினு திரிஞ்சேனா? எங்க அம்மா வூட்டுக்கு ஓடினேனா? அவரு செத்தப்ப நான் அழுத அழுகையை இந்தக் காலனியே பாத்துச்சு. என்னை எந்தச் சுவத்துலயாவது வரைஞ்சாங்களா? காது கேக்காததை எப்படி வரைவான், சொல்லு. அது போட்டோல வராது.

யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஆன பிறகு நானே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணேன். வைகாசியில ஒரு நாள். தூக்கு வண்டியெல்லாம் போயிடுச்சு. ஹார்டுவேர் கடையில போயி, "ஒரு சின்ன டப்பா பெயிண்ட் குடு, தோல் கலரு"ன்னேன். "யார் தோலு?"ன்னு கேட்டான் அந்த ஆளு. ஒரு மாதிரி காவியும் வெள்ளையும் கலந்து குடுத்தான். ஒட்டடைக் கம்புல பிரஷ்ஷைக் கட்டிக்கினேன். மத்தியானம், எல்லாரும் படுத்துகீற நேரம். டி பிளாக்குல ஏறினேன். நாலு மாடி. லிப்டு ஓடல. ஒவ்வொரு மாடிக்கும் உக்காந்து உக்காந்து ஏறினேன். மொட்டை மாடிக்குப் போனப்ப என் நெஞ்சு அடிச்ச அடி எனக்கே கேட்டுச்சு.

கைப்பிடிச் சுவத்துல வயித்தை அழுத்திக்கினு எட்டிப் பாத்தேன். நம்ப மாட்ட, மூஞ்சியே இல்ல. இங்கேர்ந்து பாக்கும்போது கண்ணு, மூக்கு எல்லாம் கீது. அங்கேர்ந்து பாத்தா வெறும் திட்டு. பச்சைத் திட்டு, நீலத் திட்டு, கத்திரிப்பூ கலர்ல ஒண்ணு. கோடு எங்க கீதுன்னே தெரியல. பிரஷ்ஷைத் தொங்க வுட்டு இங்கயா அங்கயான்னு தேடுறேன்.

பின்னாடிலேர்ந்து யாரோ என் இடுப்பைச் சுத்திப் புடிச்சாங்க. திரும்பாமலே தெரிஞ்சுடுச்சு. ஒம்போது வருசம் ஒரே வூட்ல இருந்த கை. துணி காயப் போட வந்துகீறா.

"சாயாத அத்தே. அந்தச் சுவரு ஆடுது."

"வுடுடி என்னை."

"வுட்டா வுழுந்துடுவ. அப்புறம் நீயா வழுக்கி வுழுந்துட்டன்னு நான் சொன்னா யார் நம்புவாங்க?"

அதைக் குத்திக் காட்டத்தான் சொன்னான்னு எனக்குத் தெரியாதா. அன்னிக்கு ஆஸ்பத்திரில டாக்டரம்மா எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டப்ப, பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு நான்தான் சொன்னேன். வேற இன்னா சொல்றது? போலீசுக்கு எழுதிடுவாங்க இல்ல?

"அதை இன்னும் வச்சுக்கினு கீறியா நீ?"ன்னேன்.

"அவரு வீசினது எனக்கு வலிச்சுது அத்தே. ஆனா நான் போனது அதுக்காக இல்ல. டாக்டர் என்னைத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள நீ சொல்லிட்ட. என் கையைப் புடிச்சுக்கினே சொன்ன. உனக்கு நான் யாருமே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

 பிரஷ்லேர்ந்து பெயிண்ட் சொட்டுது.  அவ மூச்சு என் கழுத்துல படுது. அப்புறம் சொல்றா, கத்தல, கிண்டல் பண்ணல, காய் நறுக்கச் சொல்லித் தர்ற மாதிரி சொல்றா. "அங்க இல்ல அத்தே. உன் கைக்கு வலது பக்கம். இன்னும் கொஞ்சம் கீழ. ரோஸ் கலரு தெரியுது பாரு, அதுதான். அழிக்கணும்னா அழி. நான் புடிச்சுக்கிறேன்."

கெட்டியாப் புடிச்சிருந்தா. நான் எவ்ளோ சாய்ஞ்சாலும் வுழ மாட்டேன், அப்படி ஒரு புடி.

நான் அழிக்கல. வெயில் கண்ணைக் கூசுச்சு, முட்டி வேற வலிச்சுது. அதான் அழிக்கல. வேற ஒண்ணுமில்ல. கம்பை மேல இழுத்துக்கினேன். அவ என் கையிலேர்ந்து டப்பாவை வாங்கி மூடி, என்னைப் படி வரைக்கும் கூட்டிக்கினு வந்தா. "மெதுவா எறங்கு"ன்னா. "வூட்டுக்கு வாடி"ன்னேன். அவ துணியை உதறிக் காயப் போடப் போயிட்டா. காதோரம் நெத்தியில வெளுத்த காவியில ஒரு சின்னச் சொட்டு தெரியுதா? அது நான் பண்ணது. அவ்ளோதான் நான் பண்ணது.

குணாளன் ஆனி மாசமே கிளம்பிட்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனில வேலை, ரூம் எடுத்து இருக்கான். இந்தப் பால்கனியைத் திறக்க முடியாத வூட்ல என்னால இருக்க முடியாதுன்னான். என்னைக் கூப்பிடல. ரூமு சின்னது.

இப்ப அவ கேஸ் போட்டுகீறா. ஜீவனாம்சம், அடிச்சது, எல்லாம் சேர்த்து. சூப்பர்வைசர் ஆயிட்டாளாம், கம்பெனி மேடம் ஒருத்தங்க வக்கீல் வச்சுக் குடுத்தாங்களாம். வர்ற வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நான் போவணும். குணாளனோட வக்கீல் சொல்லிட்டாரு, சாட்சி நீங்க ஒருத்தர்தான், உங்க வாய்லதான் எல்லாம் கீதுன்னு. குணாளன் போன்ல தெனம் கேக்குறான், "சரியாச் சொல்லிடுவ இல்லம்மா?" சொல்லாம? பெத்தவ வேற இன்னா சொல்லுவா?

அவ ஒரு வார்த்தை கேக்கல என்னை. நேத்துகூட மாடியேற முடியாம கொடத்தோட நின்னேன், அவங்க பிளாக்குப் பையன் ஒருத்தனை வுட்டுத் தூக்கி வரச் சொன்னா. கேஸைப் பத்திக் கேக்கல. கேட்டிருந்தா நாலு வார்த்தை நல்லாக் கேட்டு அனுப்பியிருப்பேன்.

வக்கீல் சொல்லிக் குடுத்ததை காலைல பல்லு விளக்கும்போது இங்க நின்னு சொல்லிப் பாக்குறேன். பெரிசா ஒண்ணுமில்ல, ரெண்டே வரி. "என் மருமவ பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தா. நான் என் கண்ணால பாத்தேன்." டாக்டரம்மா கிட்ட ஒரே மூச்சுல சொன்னவ நான். முதல் நாளும் சுளுவா வந்துச்சு. இப்ப நாலஞ்சு நாளா "என் மருமவ"ன்னு ஆரம்பிக்கிறேன், அதோட நின்னுடுது. திரும்ப முதல்லேர்ந்து சொல்றேன், திரும்ப அங்கயே நிக்குது.

வயசாவுது இல்ல. மறந்து மறந்து போவுது.